மகன் வைத்த என் கையொப்பம்

1

இன்று செவ்வாய்க்கிழமை. பின்னேரம் நாலு மணி பத்து. பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தின் லாசால் பகுதியில், மூன்றாம் மாடியில் எங்கள் சமையலறை மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். ஒரு கண் தாளில், ஒரு கண் கதவில்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் முழுநாள் இது. என் மகன் துஷ்யந்தனுக்குப் பதினாறு வயது முடிந்து ஐந்து மாதமாகிறது. காலை ஆறு மணிக்கே நான் தொழிற்சாலையில் நிற்க வேண்டும் என்பதால் அவன் வெளிக்கிட்டதை நான் காணவில்லை. மனைவி விமலா வேலைத்தலத்துக்குத் தொலைபேசி எடுத்து, "போட்டான். பையும் கொண்டுதான் போனவன்" என்றாள். அவள் குரலில் அவ்வளவு நம்பிக்கை. பை கொண்டு போவது பள்ளிக்கூடம் போனதற்கு அத்தாட்சி அல்ல என்று போன மாரிக் குளிரில் எனக்கு நன்றாகப் படிப்பித்துவிட்டான். ஆகவே அவன் திரும்பி வரும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் சும்மா இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மேசையில் இன்னொரு கடிதமும் கிடக்கிறது. லண்டனில் இருக்கும் என் மைத்துனரின் மகளுக்குக் கலியாணம். போவதற்காகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். அது இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்திருக்கிறது. காரணம்: கையொப்பம் பழைய பதிவோடு ஒத்துப்போகவில்லையாம். இருபது வருடம் இந்த நாட்டில் வரி கட்டி, பனி வழித்து, இனி நான்தான் நான் என்று நிரூபிக்க வேண்டும்!

நேற்றுக் கடிதத்தைப் பிரித்தபோது விமலா சிரித்தாள். "இஞ்சேரப்பா, உங்கட சொந்தப் பேர். அதைக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியேல்லையோ? பேசாமல் துஷியைக் கொண்டு வைப்பியுங்கோவன். அவன்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். துஷி சோபாவில்தான் இருந்தான். 

2

ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு இது விளங்காது. விளங்கப்படுத்துகிறேன்.

இங்கே ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அஜெண்டா என்று ஒரு கொப்பி கொடுப்பார்கள். வீட்டுப்பாடம், அறிவித்தல், பிள்ளை சிரித்தது, இருமியது எல்லாம் அதில் எழுதி வரும். பெற்றோர் பார்த்துக் கையொப்பம் வைத்து அனுப்ப வேண்டும். நல்ல ஏற்பாடுதான், வீட்டில் பெற்றோர் இருந்தால். நான் அப்போது சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் பின்னேர வேலை. மூன்றுக்குத் தொடங்கினால் வீடு வர நடுச்சாமம் தாண்டும். விமலாவும் அப்போது விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போய்விடுவாள். பிள்ளை எழும்பும்போது நான் நித்திரை. அவன் பள்ளியால் வரும்போது நான் தொழிற்சாலையில். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவரை ஒருவர் கண்டோம்.

துஷிக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிறு அவன் அஜெண்டாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு அழுதான். கையொப்பம் இல்லாததால் மூன்று நாள் இடைவேளைக்கு வெளியே விடவில்லையாம். எனக்குக் கோபம் வந்தது, ஆசிரியை மேல். பிறகு ஒரு யோசனை வந்தது. அது நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். கடவுளே, அந்த மடத்தனத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

"இஞ்ச வா. அப்பாவின்ர சைன் வைக்கப் பழக்கிவிடுறன். நான் இல்லாத நேரம் நீ வை. நல்ல விஷயத்துக்கு மட்டும். விளங்குதோ?"

"ஓம் அப்பா."

என் கையொப்பம் தமிழில். க. தவராசா. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் மூன்று வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். என் கையொப்பம் இல்லாமல் ஒரு மூட்டை சீனி வெளியே போகாது. கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து, பெயர் முழுவதற்கும் அடிக்கோடாக ஓட்டி, அதன் கீழ் இரண்டு புள்ளி குத்துவேன். டக், டக். அந்தப் புள்ளிகளில்தான் என் பவிசு எல்லாம் இருந்தது. இங்கே வந்த புதிதில் ஆங்கிலத்தில் வையுங்கள் என்று எத்தனையோ அரசாங்கக் கந்தோரில் சொன்னார்கள். முடியாது என்றேன்.

அன்று மத்தியானம் முழுக்க அவன் பழைய கடித உறைகளின் முதுகில் அதை எழுதி எழுதிப் பார்த்தான். பின்னேரத்துக்குள் பிடித்துவிட்டான். இரண்டு புள்ளியும் குத்தும்போது அவனும் வாயால் "டக், டக்" என்றான். பெருமையாக இருந்தது. விமலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பதினொரு வயதில் விட்டுவிட்டான். எழுத்துகள் ஒவ்வொன்றாக மறந்துபோயின. இன்று அவனுக்குத் தமிழில் எழுதத் தெரிந்தது என் பெயர் மட்டும்தான். தன் பெயரை எழுதச் சொன்னால் "துஷ்" எப்படி எழுதுவது என்று தங்கையைக் கேட்பான்.

3

இப்போது ஜெகன் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து இயந்திரம் அவருடையது. பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு. மகனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. அவன் பதினாறில் பள்ளிக்கூடத்தை விட்டான். களஞ்சியம் ஒன்றில் பெட்டி தூக்கினான். ஆறு மாதத்தில் அதையும் விட்டான். பிறகு இன்னொரு வேலை, மூன்று கிழமை. பிறகு வீட்டின் பேஸ்மென்டுக்குள் கணினியோடு இறங்கியவன் இறங்கியவன்தான். கோயிலுக்கு வருவதில்லை, கலியாணவீடு, செத்தவீடு ஒன்றுமில்லை. தாய் சாப்பாட்டுக் கோப்பையைப் படிக்கட்டில் வைப்பாளாம். வெறும் கோப்பை திரும்பி அதே படியில் இருக்குமாம்.

ஒருநாள் சாப்பாட்டு நேரம் கேட்டேன். "அண்ணை, நீங்கள் இறங்கிப் போய் ரெண்டு கதை கதைக்கிறதில்லையோ?"

"என்னத்தைக் கதைக்க? ஏன் மோனே எண்டு கேட்டா, ஒண்டுமில்லை எண்டுறான். ஒண்டுமில்லாததுக்கு நான் என்ன மருந்து குடுக்க?" பாணைப் பிய்த்தபடி சொன்னார். "ஆனா தவம், ஒரு நிம்மதி. றோட்டில நிண்டு அடிபடுறவங்களோட சேரேல்லை. வீட்டுக்குள்ளதானே கிடக்கிறான்."

எனக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது. வளர்ந்த பிள்ளை நிலத்துக்குக் கீழே கிடக்க நிம்மதியாம்! வீட்டுக்கு வந்து விமலாவிடம் நக்கலாகச் சொன்னேன். "பிள்ளையை வளக்கத் தெரியாட்டி இப்பிடித்தான்." எங்கள் மகள் ஆரணி வகுப்பில் முதலாம் பிள்ளை. துஷி முதலாம் பிள்ளை இல்லை, ஆனால் அவன் அஜெண்டா எப்போதும் சுத்தமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் கையொப்பம் இருந்தது. பிறகென்ன குறை?

கோயில் திருவிழாவிலும் இதைக் கவனித்திருக்கிறேன். பெட்டைகள் உள்ளே பாடுகிறார்கள், மேடையில் நின்று அறிவிக்கிறார்கள், டாக்டருக்குப் படிக்கிறார்கள். பெடியள் வெளியே கார் நிறுத்துமிடத்தில் தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். போன வருடம் நின்றவர்களில் பாதிப்பேர் இந்த வருடம் அங்கேயும் இல்லை. எங்கே என்று கேட்டால் தாய்மார் கதையை மாற்றுகிறார்கள். நானும் விடாப்பிடியாகக் கேட்டிருக்கிறேன். அடுத்தவன் வீட்டுப் புண்ணென்றால் நோண்டிப் பார்க்க எங்களுக்கு அலுப்பதில்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. ஆரணி வந்துவிட்டாள். "அண்ணா வந்துட்டாரோ?" என்றாள். இல்லை என்றேன். தன் பாலைச் சூடாக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அவளுக்கும் பயம்தான்.

4

போன தை மாதம் ஒரு புதன்கிழமை. வெளியே மூக்கு மரத்துப்போகும் குளிர். ஒரு மணிக்கு வேலைக்குப் போவதற்காக மெத்ரோ நிலையம் போகும் பேருந்தில் ஏறினேன். ஏறியவன் பின்பக்கம் பார்த்தேன். கடைசி இருக்கையில், சூட்டுக்காற்று வரும் மூலையில், துஷி. மடியில் புத்தகப்பை. தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது.

புதன்கிழமை, மத்தியானம் ஒரு மணி. பள்ளிக்கூடம் அந்தத் திசையிலேயே இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முன்னுக்கு நின்ற ஆட்களுக்குள் மறைந்து நின்றேன். எழுப்பவில்லை. எழுப்பினால் ஏன் இங்கே என்று கேட்க வேண்டும். கேட்டால் அவன் ஏதோ சொல்வான். சொன்னால் அதற்குப் பிறகு எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு போய் எட்டு மணிநேரம் மருந்துப் பெட்டி அடைக்க முடியுமா? பாடம் இல்லாத நாளாக இருக்கும், சுகமில்லாமல் வந்திருப்பான் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். நிலையம் வந்தது. முன்கதவால் இறங்கினேன். பேருந்து அவனையும் கொண்டு திரும்பிப் போனது.

விமலாவிடம் சொல்லவில்லை. அவனிடமும் கேட்கவில்லை. ஐந்து வாரம் வயிற்றுக்குள் அதை வைத்துக்கொண்டு திரிந்தேன். அன்றிலிருந்து ஜெகன் அண்ணையின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

பிறகு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது, என் பெயருக்கு. பிரெஞ்சு. வழக்கமாக வீட்டுக் கடிதங்களை எல்லாம் துஷிதான் வாசித்துச் சொல்வான். பதிவுத் தபால் என்பதால் அது அவன் கைக்குப் போகாமல் என் கைக்கு வந்தது. ஆரணியைக் கூப்பிட்டேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்பா, அண்ணா முப்பத்தொரு நாள் போகேல்லையாம். நீங்கள் எல்லாத்துக்கும் கடிதம் குடுத்தனீங்களாம். உங்களை வரச் சொல்லுகினம்."

விமலா அடுப்படியில் நின்றாள். கரண்டி கீழே விழுந்தது. அறைக்கதவைத் திறந்து துஷி எட்டிப் பார்த்தான். எங்கள் முகங்களைப் பார்த்தான். கதவைச் சாத்தினான். நான் போய்க் கதவில் குத்தினேன். "எடேய்! திறவடா!" திறக்கவில்லை. அன்று நான் போட்ட சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையைத் தட்டினார்.

5

பள்ளிக்கூடத்தில் எங்களுக்காக ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருந்தார்கள். அவர் வந்தார். தலைப்பாகை கட்டிய நல்ல மனிதர். இந்தியர் என்றால் போதும் என்று யாரோ ஒரு கந்தோரில் முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு அவருடைய பஞ்சாபி தெரியாது, அவருக்கு என் தமிழ் தெரியாது. இரண்டுபேரும் கைகூப்பிச் சிரித்தோம். அவர் ஒரு கோப்பி குடித்துவிட்டு, தன் வருகைப் பத்திரத்தில் ஒப்பம் வாங்கிக்கொண்டு போனார்.

பள்ளிக்கூட அதிபர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். கனிவான முகம். என் பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு. கெதியாகச் செய், பெட்டி முடிந்துவிட்டது, போன்ஜூர், மெர்சி, அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் அவர் துஷியைப் பார்த்துச் சொன்னார், நீயே அப்பாவுக்குச் சொல் என்று. குற்றவாளியே வழக்கறிஞர், அவனே மொழிபெயர்க்கும் நீதிமன்ற முதலியார்!

முப்பத்தொரு கடிதங்களையும் மேசையில் பரப்பினார். துஷி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான். காய்ச்சல், பல்வலி, மாமா செத்துவிட்டார். அந்த மாரியில் மட்டும் அவன் மூன்று மாமன்மாரைக் கொன்றிருந்தான். விமலாவுக்கு இருப்பது ஒரே ஒரு தமையன். அவர் லண்டனில் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். ஒவ்வொரு கடிதத்தின் கீழும் என் கையொப்பம்.

என்னை ஒரு வெள்ளைத்தாளில் கையொப்பம் வைக்கச் சொன்னார். வைத்தேன். ஐந்து வருடத்துக்கு முன் இயந்திரத்தில் நசிந்த பிறகு என் வலது பெருவிரல் மடங்காது.  நான் வைத்தது ஏதோ கோழி கிளறியது மாதிரி வந்தது. அதிபர் அதையும் கடிதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துஷியிடம் மெதுவாக ஒன்று கேட்டார்.

அவன் குனிந்தபடி சொன்னான். "அப்பா... இதெல்லாம் நீங்கள் வைச்ச சைனோ எண்டு கேக்கிறா."

நான் கடிதங்களைப் பார்த்தேன். என்ன அழகு! கூட்டுறவுச் சங்கத்து எழுதுவினைஞன் தவராசாவின் கையொப்பம். கோடு ஓடுகிற ஓட்டம் அப்படியே. என் கை மறந்ததை அவன் கை வைத்திருந்தது.

அந்த நேரம் எனக்கு எங்கள் வகுப்பு நினைவுக்கு வந்தது. உயர்தரம் படித்த காலம். ஒவ்வொரு கிழமையும் ஒரு கதிரை வெறுமையாகும். ஒருவன் இயக்கத்துக்குப் போயிருப்பான், ஒருவன் கடல் கடந்திருப்பான். எங்கள் வகுப்பாசிரியர் காலையில் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடுவார். போனவர்களின் பெயரையும் கூப்பிடுவார். ஒரு கணம் பொறுத்து, வந்திருக்கிறான் என்று அடையாளம் போடுவார். இடாப்பில் வரவில்லை என்று விழுந்தால் அடுத்த நாள் ஆமிக்காரன் அந்தப் பெடியனின் வீட்டு வாசலில் நிற்பான். ஆகவே இல்லாதவனை இருக்கிறான் என்று எழுதுவதுதான் எங்களுக்குத் தெரிந்த காவல். ஆசிரியர் அதைச் செய்தார், தாய்மார் செய்தார்கள். பெடியனைப் பொய்யால் மூடு, பிறகு கடவுள் விட்ட வழி. அந்தப் பழக்கம் என் இரத்தத்தில் இருந்திருக்கிறது. இருபது வருடமும் ஒரு சமுத்திரமும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

"எல்லாம் நான் வைச்சதெண்டு சொல்லு" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்பிடிச் சொன்னா உங்களைத்தான் பிடிப்பினம். தகப்பனுக்குத் தெரிஞ்சே விட்டவர் எண்டு எழுதுவினம். வீட்டுக்கு ஆக்கள் வந்து விசாரிப்பினம். ஆரணியையும் கேப்பினம்."

"சொல்லடா எண்டுறன்."

அவன் அதிபரின் பக்கம் திரும்பினான். "நோன், மதாம். செ முவா."

அந்த அளவு பிரெஞ்சு எனக்குத் தெரியும். இல்லை, நான்தான் என்றான்.

பிறகு அவன் பேசினான். ஐந்து நிமிடம் இருக்கும். என் மகன் எந்த மொழியிலும் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அதிபர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அறையில் விளங்காமல் இருந்தவன் நான் ஒருவன்தான். பெற்ற தகப்பன் நான், அவன் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"என்னடா சொன்னனீ?"

"சும்மா" என்றான்.

தீர்ப்பையும் அவனே எனக்குச் சொன்னான். மூன்று நாள் பள்ளிக்கூடம் வரக்கூடாது. வராதவனுக்குத் தண்டனை, வராதே என்பது! அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு தாள். அதில் ஐந்து கட்டம். ஐந்து பாடத்து ஆசிரியர்களும் ஒவ்வொரு கட்டத்தில் ஒப்பமிட வேண்டும். அடியில் நான். கடைசியாக அதிபர் எழுந்து கை கொடுத்தபோது ஒன்று சொன்னார். அதையும் துஷி தமிழாக்கினான்.

"பதினாறு வயசு வாற இந்தப் பள்ளி வருஷம் முடியுமட்டும்தான் கட்டாயம் வர வேணுமெண்டு சட்டமாம். வாற செப்டம்பரில இருந்து நான் வந்தாத்தான் உண்டாம். ஒருத்தரும் கூப்பிடமாட்டினமாம்."

6

திரும்பி வரும்போது அதே பேருந்து. பின்மூலையில் அந்த இருக்கை வெறுமையாகத்தான் இருந்தது. இருவரும் நின்றுகொண்டு வந்தோம்.

"ஏன் மோனே?" என்று கேட்டேன். ஜெகன் அண்ணையின் கேள்வி என் வாயில் வந்தது.

"தெரியா."

"அடிச்சவங்களோ? ஆரும் வெருட்டினவங்களோ?"

"இல்லை அப்பா. ஒருநாள் லேட். லேட் எண்டா ஆபீசில போய் நிக்க வேணும். நிக்க விருப்பமில்லாமல் திரும்பி பஸ்ஸில ஏறினன். அடுத்த நாள் அதுக்குக் கடிதம் வேணும். கடிதம் எழுதினன். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. நான் இல்லாட்டியும் அங்க எல்லாம் நடக்குது. பேந்து... அப்பிடியே."

அவ்வளவுதானா என்று கத்த வேண்டும் போலிருந்தது. குண்டு விழுந்த இடத்தைச் சுற்றி ஒழுங்கைக்குள்ளால் சைக்கிள் ஓடிப் பரீட்சை எழுதினவன் நான். இவனுக்குச் சூடான பேருந்தும் மாதச் சீட்டும் இருந்தும் போக மனமில்லை! வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் சொன்னான்.

"அண்டைக்கு பஸ்ஸில என்னைக் கண்டனீங்கள்தானே?"

நான் கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.

"நான் நித்திரை இல்லை அப்பா. நீங்கள் ஏறினதைக் கண்டு கண்ணை மூடினனான். வந்து எழுப்புவியள் எண்டு நினைச்சன். நீங்கள் இறங்கிப் போனதைக் கண்ணாடியால பாத்தனான்."

   அடுத்த நாள் மேற்பார்வையாளரிடம் போய், காலை வேலைக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். ஜெகன் அண்ணை ஏன் என்று கேட்டார். இந்தத் தடவை நான் அவருக்கு எல்லாம் சொன்னேன். அவர் தன் தேநீரில் பாதியை என் கோப்பைக்குள் ஊற்றினார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒவ்வொரு பின்னேரமும் தாள் வந்தது. நான் ஒப்பமிட்டேன். ஒரு தடவை பள்ளியிலிருந்து திரும்பி வந்தது. என் கையொப்பம் போலியாக இருக்கிறதாம்! துஷி அன்று நாலைந்து மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். வருட முடிவில் மூன்று பாடம் தேறினான், இரண்டு போனது. ஆனி மாதம் வந்தது, சட்டம் கை கழுவியது. தாளும் நின்றுவிட்டது. விரும்பினால் செப்டம்பரில் வந்து கேட்கலாம் என்று சொன்னார்களாம்.

கோடை முழுக்க அறைக்குள் கிடந்தான். எங்களுக்கு பேஸ்மென்ட் இல்லை. ஆனால் கதவு சாத்தினால் எந்த அறையும் பேஸ்மென்ட்தான். ஒருநாள் விமலா சாப்பாட்டுக் கோப்பையோடு அவன் அறை வாசலில் குனிவதைக் கண்டேன். பாய்ந்து போய்ப் பறித்தேன். "மேசையில வை! பசிச்சா வந்து தின்னட்டும்!" என்று கத்தினேன். அவள் அழுதாள். துஷி வெளியே வந்து மேசையில் இருந்து தின்றுவிட்டுப் போனான்.

போன கிழமை கேட்டேன். "பள்ளிக்குடம் போறியோ?"

"பாப்பம்" என்றான்.

ஊரில் இருந்து பிள்ளைகளை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று துடிக்கிற உங்களுக்கு இதெல்லாம் கொழுப்பெடுத்த கதையாகத் தெரியும். அங்கே இப்போது நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? பெடியளைக் காப்பாற்றத்தான் எங்களையும் அனுப்பினார்கள். காப்பாற்றிய பெடியனை என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. அங்கே பிள்ளை வீட்டுக்குள் இருந்தால் தாய்க்கு நித்திரை வரும். இங்கே அதுவே எனக்கு நித்திரை இல்லாமல் ஆக்குகிறது.

7

ஐந்து மணி நாற்பது. இரண்டு பேருந்து வந்து போய்விட்டது. யன்னலால் பார்த்துவிட்டேன்.

இந்த இடத்தில்தான் எழுத்தை நிறுத்தினேன். கதவில் திறப்புச் சத்தம் கேட்டது. மிகுதியை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுகிறேன்.

உள்ளே வந்தான். சப்பாத்தைக் கழற்றினான். குளிர்ப்பெட்டியைத் திறந்து பாலைப் பெட்டியோடு அண்ணாந்து குடித்தான். மற்ற நாளென்றால் அதற்கே பேசியிருப்பேன். பையைத் திறந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து, கடவுச்சீட்டுக் கடிதத்துக்கு மேல் வைத்தான்.

அதே தாள். அவனே போய்க் கேட்டு வாங்கியிருக்கிறான். ஐந்து கட்டம். முதல் மூன்றில் மூன்று ஆசிரியர்களின் ஒப்பம், ஒன்று நீலம், இரண்டு கறுப்பு. கடைசி இரண்டும் வெறுமை.

"மற்ற ரெண்டும்?"

"போகேல்லை."

"எங்க நிண்டனீ?"

"பஸ்ஸில."

எனக்குக் கோபம் வந்தது. முதல் நாளே! அந்த வேளையில் அந்த இரண்டு கட்டத்தையும் திரும்பவும் பார்த்தேன். மூன்று மாமன்மாரைக் கொன்றவன், என் கையொப்பத்தை என்னைவிட நன்றாக வைக்கிறவன். யாரோ ஆசிரியரின் இரண்டு கிறுக்கல் அவனுக்கு ஒரு நிமிட வேலை. செய்யவில்லை. வெறுமையாகவே கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு நிற்கிறான். அறைக்குள்ளும் போகவில்லை.

"நாளைக்கு?" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"பாப்பம்" என்றவன், சற்றுப் பொறுத்து, "போறன்" என்றான். "நீங்கள் வையுங்கோ அப்பா."

பேனையை எடுத்தேன். மடங்காத விரலால் மெல்ல மெல்ல என் பெயரை எழுதினேன். வாலை இழுத்துக் கோடு போட்டேன். பேனையை மூடப் போனேன்.

"ரெண்டு புள்ளியையும் விட்டிட்டியள்" என்றான்.

பார்த்தேன். உண்மைதான். அதிபரின் அறையில் வைத்ததிலும் புள்ளி இல்லை. அடியில் கிடந்த கடவுச்சீட்டு விண்ணப்பத்தை இழுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. விரல் நசிந்த நாளிலிருந்து விட்டுவிட்டேனோ, அதற்கும் முந்தியோ, தெரியவில்லை. வீட்டில் ஒருவன் மட்டும் அதைக் கவனித்திருக்கிறான்.

பேனையைத் திரும்பத் திறந்து, அவன் பார்த்துக்கொண்டு நிற்க, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளியும் குத்தினேன். அவன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். நாளைக்குப் புதன்கிழமை. ஐந்து பாடம்.